எல்லாரும் குடிக்கிற தம்ளர்

பெருமாநல்லூரில் சாரதாமணி அம்மாவின் பனியன் கம்பெனியில் கைக்குழந்தைகளுக்கு ஜபலா தைக்கிறோம். அந்த ஜபலாவுக்குக் கழுத்துப் பட்டி வைப்பது நான். முத்துப்பேச்சி என்றால் கட்டிங் மாஸ்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் தெரியும். பிறந்த குழந்தைக்குக் கழுத்து எவ்வளவு இருந்துவிடப் போகிறது? அந்தச் சின்ன வட்டத்தில் ஒரு சுருக்கம் விழாமல், ஒரு பக்கம் இழுக்காமல், ஃப்ளாட்லாக் மெஷினில் ஒரே ஓட்டாக ஓட்ட வேண்டும். புது டிசைன் எது வந்தாலும் வெளிநாட்டுக்குப் போகிற முதல் சாம்பிள் என் கையால்தான் போகும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்பேர்ப்பட்ட கையில்தான் அந்தத் தடிப்பு வந்தது. தீபாவளி கழிந்த புதிது. சாயங்காலம் மெஷினில் இருக்கும்போது மணிக்கட்டில் கொசு கடித்த மாதிரி ஒன்று எழும்பியது. சொறிந்தேன். ஒன்று பத்தாயிற்று. வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் முதுகு, தொடை, பாவாடை நாடா அழுத்துகிற இடுப்பு எல்லாம் பத்தை பத்தையாகச் சிவந்து வீங்கிவிட்டது. அரிப்பென்றால் அப்படி ஒரு அரிப்பு. விடிந்து பார்த்தால் உடம்பில் ஒரு தடயம் இல்லை. சரி, போய்த் தொலைந்தது என்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் டியூட்டிக்கு வருகிற மாதிரி திரும்ப வந்து நின்றது.

அதற்கப்புறம் ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் எனக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். பக்கத்து மெஷினில் இருக்கும் ரோஸ்மேரி தூத்துக்குடிக்காரி, எனக்குத் தங்கச்சி மாதிரி. அவள், "கருவாட்ட விடுங்கக்கா, எல்லாம் சரியாயிரும்" என்றாள். கருவாட்டை விட்டேன். கத்தரிக்காயை விடு என்றார்கள், விட்டேன். முட்டை, கடலை, தக்காளி என்று ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் ரசமும் சோறும் மட்டும் மிச்சம். சாயம்தான் காரணம் என்றாள் ஒருத்தி. நாங்கள் தைப்பது வெள்ளை ஜபலா, அதில் சாயம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இன்னொருத்தி கண் பட்டுவிட்டது என்றாள். அதை மட்டும் நான் கொஞ்சம் நம்பினேன். என் தையலைப் பார்த்தால் கண் படத்தான் செய்யும்.

எங்கள் காம்பவுண்டு வீட்டுக்காரம்மா சென்னம்மாள் கதவுக்குள் நுழையும்போதே வைத்தியத்தோடு வந்தார்.

"இது காணாக்கடி கண்ணு. என்ன கடிச்சதுன்னே தெரியாது. கருப்புக் கம்பளியப் போட்டுத் தேய்ச்சா விசம் எறங்கிப் போகும்."

கம்பளியைக் கொண்டுவந்து என் முதுகில் தேய்தேய் என்று தேய்த்தார். பாசக்காரம்மா, கை நோகத் தேய்த்தார். தேய்த்த இடமெல்லாம் கோடு கோடாக வீங்கி எழும்பியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"பாத்தியா கண்ணு, விசம் எப்படி வெளிய வருதுன்னு? நாளைக்கும் தேய்ச்சிருவோம்" என்றார்.

விஷம் வெளியே வருகிறதே என்ற சந்தோஷத்தில் மார்கழி பூராவும் முதுகைக் காட்டினேன். தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது. ஒரு மனுஷியின் முதுகுக்குள் அவ்வளவு விஷம் எங்கே இருந்தது என்று யாரும் யோசிக்கவில்லை.

நடுவில் மருந்துக் கடையில் சொல்லி அரிப்புக்கு மாத்திரை வாங்கினேன். அரிப்பு அடங்கியது, ஆனால் தூக்கம் ஆளை அடித்துப் போட்டது. ஒரு மத்தியானம் மெஷினிலேயே தலை தொங்கிவிட்டது. ரோஸ்மேரி தோளைப் பிடித்து உலுக்கியிராவிட்டால் ஊசி விரலில் இறங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர் செந்தில்வேல் அந்தப் பக்கம் வந்தார். தூங்குகிற என்னைப் பார்த்தார். அப்புறம் என் கையில் இருந்த தடிப்பைப் பார்த்தார். இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

"ஏனுங்க்கா, என்னங்க இது? கொழந்தைக போடற துணிங்க. தொத்திக்கிச்சுன்னா யாருங்க பதில் சொல்றது? சரியாகற வரைக்கும் நீங்க வேஸ்ட் பிரிக்கிற பக்கம் உக்காந்துக்குங்க."

"இது தொத்து இல்ல தம்பி. ரோஸ்மேரி என்கூடத்தான் சோறு திங்கா. அவளுக்கு வந்துச்சா?"

"எனக்குத் தெரியாதுங்க்கா. ஆகாதுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம், "ங்க" போட்டுத் துரத்துகிறவரை என்ன செய்ய? நான் எழுந்ததும் என் மெஷினையும் ஸ்டூலையும் மருந்துத் தண்ணீர் தெளித்துத் துடைக்கச் சொன்னார். ஹால் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தது. வேஸ்ட் மூலையில் உட்கார்ந்து வெட்டுத் துணியை வெள்ளை தனி, கலர் தனி என்று பிரிக்கத் தொடங்கினேன். அங்கிருந்து பார்த்தால் என் மெஷின் நேராகத் தெரியும். அதில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்து பட்டியை இழுத்து இழுத்து ஓட்டினாள்.

அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் டீ வந்தது. டீ கொண்டுவருகிற ஆத்தப்பன் எல்லாருக்கும் ஸ்டீல் தம்ளரில் ஊற்றினார். எனக்கு மட்டும் ஒரு பேப்பர் கப்.

"மேனேஜர் சொன்னாருங்க அம்மிணி" என்று தலையைக் குனிந்துகொண்டே நீட்டினார்.

அந்த டீயை நான் குடிக்கவில்லை. சாக்கடையில் ஊற்றினேன். நாங்கள் பிறந்த தெற்கத்தி ஊரில் யார் யாருக்குத் தனித் தம்ளர் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். என் அம்மா அதில் குடித்தவள். அந்தத் தம்ளர் வேண்டாம் என்றுதான் நாங்கள் பஸ் ஏறி இந்த ஊருக்கு வந்தோம். இங்கே வந்தும் அது பேப்பரில் வந்து நிற்கிறது.

என் வீட்டுக்காரர் சுடலைக்கு அனுப்பர்பாளையத்தில் பாத்திரக் கடையில் வேலை. சீர் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறவர். முதலில் பேனாவால் எழுதிக்கொண்டு, அதன் மேல் மெஷினை ஓட்டி, முத்து முத்தாக வெட்டுவார். கதையைக் கேட்டதும் அவருக்கு முகம் செத்துப்போனது. "ஏட்டி, கடையில நல்ல கனமான தம்ளர் ஒண்ணு எடுத்து, உம் பேரு வெட்டித் தாரேன். பேப்பர்ல குடிக்காத" என்றார்.

"எனக்குன்னு தனியா ஒரு தம்ளரா? பேரு போட்டா மட்டும் அது தனித் தம்ளர் இல்லன்னு ஆயிருமா? எல்லாரும் குடிக்குத தம்ளர்லதான் நான் குடிப்பேன். எம் மெஷின்லதான் உக்காருவேன். இல்லன்னா அந்தக் கம்பெனியில பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

"சரி, அதுக்கு இப்ப எங்கிட்ட ஏன் சண்டைக்கு வார?" என்றார் பாவம். பிறகு, "நாளைக்கு லீவு போடு. தோல் டாக்டரம்மாகிட்டப் போவோம்" என்றார்.

டாக்டர் வர்ஷினி சின்ன வயசு. என் போனில் இருந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், உதடு வீங்குமா, மூச்சு முட்டுமா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுவீர்கள் என்றார். இடுப்பு வலி மாத்திரை என்றேன். எங்கள் தையல் லைனில் அது வெற்றிலை பாக்கு மாதிரி கை மாறும். நாள் பூரா குனிந்து தைக்கிற இடுப்பு வேறு என்ன கேட்கும்?

"அதை நிறுத்துங்க. நோய்க்கு அது காரணமில்லீங்க. ஆனா வலி மாத்திரையில சிலது இதைக் கிளப்பி விடும். வலிக்கு வேற எழுதித் தரேன்" என்றார்.

பிறகு பேனாவின் பின்பக்கத்தால் என் முன்கையில் ஒரு கோடு இழுத்தார். பேசிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு சிவந்து, கயிறு மாதிரித் தடித்து எழும்பியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கம்பளியில தேய்ச்சா இதேதானுங்க நடக்குது. விஷம் வரலீங்க. தேய்க்கறதால வீங்குது."

சென்னம்மாள் முகமும், மார்கழி பூராவும் நான் காட்டிய முதுகும் ஞாபகம் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அடுத்து ஒரு வேலை கொடுத்தார். புதிதாக எழும்பும் தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட வேண்டும், மறுநாள் பார்க்க வேண்டும். அதே இடத்தில் மறையாமல் நின்றாலோ, கன்றிப்போன அடையாளம் விட்டாலோ அது வேறு நோய், தோலில் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும். அன்று சாயங்காலம் பாத்திரத்துக்குப் பெயர் எழுதுகிற பேனாவால் சுடலை என் முதுகிலும் கையிலும் வட்டம் போட்டார். எவர்சில்வர் குடத்துக்கு எழுதுகிற அக்கறையோடு போட்டார். விடிந்து பார்த்தால் எல்லாம் காலி வட்டம்.

ரத்தப் பரிசோதனையிலும், தைராய்டு உட்பட, ஒரு கோளாறும் இல்லை. காலி வட்டத்தைப் பார்த்து டாக்டரம்மாவுக்குத் திருப்தி.

"ஆறு வாரத்துக்கு மேல வந்துட்டே இருந்தா இதை நாள்பட்டதுன்னு சொல்லுவோம். வெளிய இருந்து எதுவும் கடிக்கலீங்க, தொத்தும் இல்லீங்க. உடம்புல காவல் இருக்கற செல்லுக காரணமில்லாம மணி அடிக்குது, அவ்வளவுதான். ஏன் அடிக்குதுன்னு நிறையப் பேருக்குக் கண்டுபிடிக்க முடியறதில்லீங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "காரணம் தெரியலன்னு சொல்லுததுக்கா இவ்வளவு படிச்சிய?"

சுடலை என் முழங்கையை இடித்தார். டாக்டரம்மா சிரித்தார்.

"ஆமாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லவும் படிக்க வேண்டியிருக்குதுங்க. ஆனா அடக்கி வைக்கத் தெரியும். தூக்கம் அதிகம் வராத மாத்திரை தரேன். அரிச்சாலும் போடணும், அரிக்காட்டியும் போடணும், தினமும். இது பத்தலைன்னா நான் கூட்டித் தருவேன், நீங்களா கூட்டக் கூடாது. நாக்கு வீங்கி மூச்சு முட்டுச்சுன்னா மட்டும் என்னைத் தேடாதீங்க, நேரா பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க. இது மாசக் கணக்கும் ஆகலாம், வருஷக் கணக்கும் ஆகலாம். பெரும்பாலும் ஒரு நாள் தானா போயிரும்."

நான் கடைசியாக ஒன்று கேட்டேன். "கருவாடு?"

"சாப்பிட்டதும் அதனாலதான் வந்துச்சுன்னு தெளிவாத் தெரிஞ்சுதுங்களா?"

"இல்ல."

"அப்பச் சாப்பிடுங்க."

அன்றைக்கு வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. இரண்டு தட்டுச் சோறு தின்றேன். சென்னம்மாள் கம்பளியோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் கம்பளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட சாமி, பாடுபட்டு நானே வளத்துட்டனா அதை" என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் ஒரு கரண்டிக் குழம்பு ஊற்றிக் கொடுத்தேன்.

இது தொத்து நோய் இல்லை, தையல் வேலைக்கு ஒரு தடையும் இல்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததைச் செந்தில்வேலிடம் நீட்டினேன். பேப்பரின் நுனியை மட்டும் பிடித்து வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டார். "பாக்கறனுங்க்கா" என்றார். பார்க்கவே இல்லை. தை போய் மாசி வந்தது. மாத்திரையில் தடிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. நான் இன்னும் வேஸ்ட் மூலையில், பேப்பர் கப்போடு. தினமும் அதை வாங்கி, ஆத்தப்பன் கண் முன்னாலேயே சாக்கடையில் ஊற்றுவேன். அவருக்கு அது என்ன வேதனையோ தெரியாது, எனக்கு வேறு வழியில்லை.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. கழுத்தில் இரட்டைப் பட்டி வைத்த ஜபலா. சாம்பிளைப் பார்க்க ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் நேரில் வருகிறார்கள். புதியவள் தைத்த சாம்பிள் ஒவ்வொன்றும் கழுத்தில் சுருங்கி, பூரி மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாரதாமணி அம்மாவே ஹாலுக்குள் வந்துவிட்டார். கையில் சுருங்கிய ஜபலா.

"இந்தக் கழுத்த நம்ம முத்துதானே தைக்கும்? முத்து எங்கே?"

ஹால் பூராவும் வேஸ்ட் மூலையைத் திரும்பிப் பார்த்தது. செந்தில்வேல் அவசரமாக, "அவீங்களுக்குத் தோல் நோய்ங்க மேடம். கொழந்தைக துணிங்களே, அதனாலதானுங்க" என்றார்.

அம்மா என்னிடம் வந்தார். "என்ன கண்ணு, சொல்லவே இல்ல? சரி, இப்ப வந்து ஒண்ணு மட்டும் தைச்சுக் குடுத்துரு சாமி. கையில உறை வேணும்னா போட்டுக்க."

நான் எழுந்தேன். ஆனால் மெஷின் பக்கம் போகவில்லை. அந்த ஆசை எனக்கு எவ்வளவு இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

"உறை போட்டுத் தைக்க மாட்டேன்ம்மா. மொதல்ல ஒண்ணு பாருங்க."

நூல் வெட்டுகிற ட்ரிம்மரை எடுத்து, மொட்டைப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினேன். முன்கையில் என் பெயரை எழுதினேன், முத்துப்பேச்சி என்று முழுசாக. முதலில் ஒன்றும் இல்லை. யாரோ பின்னால் கிசுகிசுத்தார்கள். பிறகு 'மு' சிவந்தது. 'த்' சிவந்தது. ஒவ்வொரு எழுத்தாக மேலே எழும்பி, சுடலை குடத்தில் வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படி என் பெயர் என் கையில் நின்றது. ரோஸ்மேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கிருமி வந்து எம் பேர எழுதுமா? இது என் தோலோட குணம். அழுத்தினா வீங்கும், கொஞ்ச நேரத்துல அமந்துரும். நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டே இருங்க, அமந்துரும். டாக்டரு எழுதிக் குடுத்த பேப்பரும் இவர் டிராயர்லதான் கெடக்கு. மாசக் கணக்கா எனக்குப் பேப்பர் கப்பு. ஒட்டும்னு இன்னும் நினைச்சா, தம்பி, கைய நீட்டுங்க."

செந்தில்வேல் நீட்டவில்லை. சாரதாமணி அம்மா அவரைப் பார்த்தார். பார்த்த பார்வையில் கை தானாக நீண்டது. என் முன்கையை அவர் முன்கையில் வைத்து, தாராளமாக ஒரு தேய் தேய்த்தேன். அவருக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது. ஹாலில் யாரோ சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

"செந்திலு, அந்தப் பேப்பர எடுத்துட்டு வாங்க" என்றார் அம்மா. வாங்கி, நின்ற இடத்திலேயே படித்தார். படித்து முடிக்கும்போது அவர் முகம் சிவந்திருந்தது. "ஏனுங்க, இதைப் படிக்கறதுக்கு உங்களுக்கு நேரமில்லீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னிடம், "தப்புத்தான் கண்ணு. வா, வந்து உக்காரு" என்றார்.

"டீ வரட்டும்மா" என்றேன்.

"டீயா? அவங்க வர்ற நேரமாச்சு சாமி."

"டீ குடிச்சிட்டு உக்காருதேன்."

அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து அவ்வளவு நெஞ்சழுத்தம் வந்ததோ தெரியாது. முதலாளியம்மா கேட்டும் அசையாமல் நின்றேன். அம்மாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. வேஸ்ட் மேஜையில் முந்தின நாளிலிருந்து கிடந்த பேப்பர் கப்பைப் பார்த்ததும் புரிந்தது. "ஆத்தப்பா, டீ கொண்டா" என்று குரல் கொடுத்தார்.

ஆத்தப்பன் தூக்கும் தம்ளர்களுமாக வந்தார். அவர் ஊற்றப் போகும்போது செந்தில்வேல் முன்னால் வந்து, ஒரு ஸ்டீல் தம்ளரை எடுத்து அவரே நிரப்பி என்னிடம் நீட்டினார். "மன்னிச்சுக்குங்க்கா" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படியாக. நான் அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்து, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்துத் தம்ளரை மற்றத் தம்ளர்களோடு வைத்தேன். அதற்குள் என் கையில் இருந்த பெயரும் மங்கிப் போயிருந்தது.

பிறகு போய் என் மெஷினில் உட்கார்ந்தேன். ஸ்டூலை என் உயரத்துக்குச் சரி செய்தேன். இரட்டைப் பட்டியை மடித்து, கழுத்தை வைத்து, ஒரே ஓட்டு. சாம்பிளை எடுத்து அம்மா வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. வந்தவர்கள் அதையே தலையாட்டி ஒத்துக்கொண்டார்கள். செந்தில்வேல் மட்டும் அந்த வாரம் பூராவும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. வெயிலில் நின்று பார்த்தார் என்று ரோஸ்மேரி சொன்னாள், அதை நான் பார்க்கவில்லை.

பங்குனியில் டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். ஒரு நாள்கூட விடாமல் போடுகிறேன். இடுப்பு வலி மாத்திரை லைனில் கை மாறினால் நான் வாங்குவதில்லை. பாவாடை நாடாவை மாற்றி அகலப் பட்டி தைத்துக்கொண்டேன், கைத்தொழில் வேறு எதற்கு இருக்கிறது? நோய் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது உள்ளே எங்கேயோ இருக்கிறது, ஆனால் என் சொல்பேச்சு கேட்கிறது.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் ரோஸ்மேரி என் கதையை அளந்துகொண்டிருந்தாள். "எங்க அக்கா கையில எழுதினா எழுத்து எழும்பும். காட்டுங்கக்கா" என்றாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். ட்ரிம்மரை எடுத்து, அதே இடத்தில், அதே மாதிரி முத்துப்பேச்சி என்று எழுதினேன். காத்திருந்தோம். வெள்ளையாக ஒரு கீறல் தெரிந்தது, அதுவும் மறைந்தது. தோல் மொழுமொழு என்று இருந்தது. பெண்களுக்கு ஏமாற்றம். ரோஸ்மேரிக்கு மானம் போய்விட்டது. "நெசமாத்தான் பிள்ளைகளா, முன்னாடி வரும்" என்று சத்தியம் செய்தாள்.

நான் அந்த வெறும் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர் எழும்பி நின்ற அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு பெருமையாக இல்லை. நெஞ்சு விம்மி, சட்டென்று கண் நிறைந்துவிட்டது. அதற்குள் ஆத்தப்பன் டீயோடு வந்து எல்லாருக்கும் ஊற்றி வைத்தார். கைக்குக் கிடைத்த தம்ளரை எடுத்துக் குடித்தேன்.